பதினேழாம் நம்பர் பிளாட்டில் என் கையெழுத்து

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ டிவி ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போன முத்திரைத்தாள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. இனிமேல் போடப்போவதும் இல்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிக்கிறவள் நான். ஐந்து வருடம் ஓர் ஊராட்சிக்குத் தலைவராக இருந்தவள் வேறு. அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

உன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரகடத்தில் வேலை, வாடகை வீடு, தை மாதம் கல்யாணம். பெண் வீட்டார் நகை நட்டு எதையும் பெரிதாகக் கேட்கவில்லை, சொந்தமாக ஒரு வீடு இருந்தால் போதும் என்றார்கள். நீயும் தேடித் தேடி, நம் ஊர் எல்லையிலேயே செல்வம் கார்டனில் பதினேழாம் நம்பர் பிளாட்டைப் பிடித்தாய். பேர்தான் கார்டன், அங்கே ஒரு முருங்கை மரம்கூடக் கிடையாது. அட்வான்ஸ் கொடுத்தாய். மனை வாங்கவும் வீடு கட்டவும் சேர்த்து வங்கியில் லோன் கேட்டாய். வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். மனைப்பிரிவுக்கு ஊராட்சி கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகல் ஊராட்சி அலுவலகத்தில் இல்லை, ஆகவே அப்போது தலைவராக இருந்தவர் 'இது என் பதவிக் காலத்தில் நான் கொடுத்ததுதான்' என்று எழுதிக் கொடுத்தால் லோன் கிடைக்கும் என்றார். அப்போது தலைவராக இருந்தவள் உன் அம்மா. உன் லோன், உன் வீடு, உன் கல்யாணம் மூன்றும் நான் போடும் ஒரு கையெழுத்தில் வந்து நிற்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் இதைவிடச் சுலபமான வேலை இருக்காது.

நீ முதன்முதலில் அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸைக் கொண்டுவந்த நாளை நினைத்துப் பார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தாய். "அம்மா, இங்க பாரேன், உன் கையெழுத்து கீது! நீ பாஸ் பண்ண லேஅவுட்டும்மா இது. அப்புறம் இன்னா பயம்?" என்றாய். வேறு நாலு இடம் பார்த்திருந்தாய், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு சந்தேகம் இருந்தது. இந்த மனையில் மட்டும் சந்தேகமே இல்லாமல் அட்வான்ஸ் கொடுத்ததற்குக் காரணம் அந்தக் கையெழுத்து. பெண் வீட்டாரிடமும் அதைக் காட்டினாய் என்று அப்புறம் தெரிந்தது. "எங்கம்மா தலைவரா இருந்தப்ப போட்டது" என்று சொன்னாயாம். நான் அந்தத் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தேன். நீ பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருந்த மாதம் அது. அந்த மாதத்தில் அந்த இடத்தில் வேர்க்கடலை நின்றது. நான்தான் பக்கத்து வீட்டு ஆட்களோடு போய்க் கடலை பிடுங்கினேன். ஒரு கூடை வீட்டுக்குக் கொண்டுவந்து அவித்தேன், நீ ரிசல்ட் பயத்தில் தொடவே இல்லை. மனைக்கல் எதுவும் அப்போது அங்கே இல்லை. கல் நட்டது என் பதவி முடிந்து வெகு நாளைக்குப் பிறகு. இது எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்தும், "சரிடா, கை கழுவிட்டு வா, சாப்புடு" என்றேன். அட்வான்ஸ் கொடுக்க உனக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கதையில் முதல் தப்பு வேறு யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசித் தப்பு என்னுடையது.

நான் எப்படித் தலைவரானேன் என்பது உனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தத் தடவை நம் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். உன் நைனா நிற்க ஆசைப்பட்டுப் பல வருடம் உழைத்தவர், அவரால் நிற்க முடியவில்லை, என்னை நிறுத்தினார். சுவரில் என் பேர் சின்னதாகவும் அவர் பேர் பெரிதாகவும் எழுதினார்கள். ஜெயித்த அன்று மாலை அவருக்குத்தான் விழுந்தது. நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் என் நாற்காலியில் அவர் உட்கார்வார். கிராம சபை நடக்கும் நாளில் மட்டும் நான் போய் உட்கார்வேன், அவர் பின்னால் நிற்பார். 'தலைவரம்மா' என்று என்னைக் கூப்பிடுவார்கள், ஆனால் கேள்வியை அவரிடம்தான் கேட்பார்கள். எனக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் எல்லாப் பெண் தலைவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். கூட்டத்துக்கு உத்திரமேரூர் போனால் நாங்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புடவை விலை பேசுவோம், ஆண்கள் அதிகாரிகளோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

பதவி முடிந்த பிறகுதான் என் கையெழுத்துக்கு மவுசு வந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்கு முன்னாலேயே போட்ட மனை என்றால் பணம் கட்டிச் சட்டப்படி ஆக்கிக்கொள்ளலாம், வரன்முறை என்றார்கள், அப்படி ஒரு வழி விட்டார்கள். அவ்வளவுதான், பழைய தேதி போட்ட கடிதத்துக்கு அலைய ஆரம்பித்துவிட்டார்கள். பழைய தேதி வேண்டும் என்றால் பழைய தலைவர் வேண்டுமே. ஊராட்சியின் பழைய லெட்டர்பேடில் ஒரு கட்டும், ஒரு ரவுண்டு சீலும் நம் பீரோவில் என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தன. உன் நைனா எப்போது கொண்டுவந்து வைத்தார் என்று நான் கேட்கவில்லை. ஊராட்சி கிளார்க் சம்பத் பைக்கில் வருவார், வெறும் தாள்களை நீட்டுவார். "தலைவரம்மா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, தேதி நான் போட்டுக்கிறேன்" என்பார். ஒரு தடவை ஒரு தாளில் எழுதியிருந்ததைப் படிக்க எடுத்தேன். உன் நைனா, "இன்னாத்த படிச்சிக்கினு கீற? கொழம்பு அடி புடிக்கப் போவுது. போட்டுட்டுப் போ" என்றார். போட்டுவிட்டுப் போனேன். குழம்பு அடிப் பிடிக்கவில்லை.

அந்த வருமானம் எங்கே போனது என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். கூடத்துக்கு டைல்ஸ் போட்டோம். நீ ஏனாத்தூர் பக்கம் பஸ் ஏறிப் போய்க் காலேஜ் படித்தாயே, அந்தக் கடைசி இரண்டு வருட ஃபீஸ் அதிலிருந்துதான் கட்டியது. உன்னையும் கூட்டுச் சேர்க்க இதைச் சொல்லவில்லை. உனக்கு எதுவும் தெரியாது, நீ படித்தாய், அவ்வளவுதான். எல்லாவற்றையும் உன் நைனா தலையில் கட்டிவிடவும் எனக்கு விருப்பம் இல்லை. கொரோனா இரண்டாம் வருடம் போய்ச் சேர்ந்த மனுஷன், பதில் சொல்ல வர மாட்டார். அவர் சொன்னார், நான் போட்டேன். கை என்னுடையது. இதில் எனக்கு அழுகை வர வேண்டும், வரவில்லை. ரொம்ப நேரம் கால் மடித்து உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது உள்ளே. ஒன்று மட்டும் உனக்குச் சொல்லத் தோன்றுகிறது. நாளைக்கு உன் பெண்டாட்டியிடம் ஏதாவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அவள் படித்து முடிக்கும் வரை சும்மா உட்கார். அடுப்பில் எது இருந்தாலும் நீ போய் அணை.

இனி ஹசீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் பஜாரில் நூல், பட்டன், லைனிங் துணி விற்கிற கடை, உனக்குத் தெரியும், உன் பேன்ட் ஜிப் எல்லாம் அங்கேதான் வாங்குவேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் செல்வம் கார்டனில் முதலில் வாங்கியவர்கள். அரசு வங்கி அந்த மனைக்கு லோன் தர மாட்டேன் என்றது. ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனி, வட்டி அதிகம் வைத்துத் தருகிறேன், தலைவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றது. நீ கொண்டுவந்தாயே, அதே மாதிரி ஒரு தாள். அதில் நான் கையெழுத்துப் போட்டேன். ஹசீனா அன்றைக்கு நம் வீட்டுக்கு ஒரு டப்பா பிரியாணி கொண்டுவந்தாள், நீயும் சாப்பிட்டாய். வீடு கட்டினார்கள், குடிபோனார்கள். குடிபோன பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பிறகு தாசில்தார் ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்து அளந்தார். ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாய் அந்த மனைப்பிரிவின் நடுவிலேயே போகிறது என்று கல் நட்டார்கள். ஒரு கல் ஹசீனாவின் அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் இருக்கிறது. உன் பதினேழாம் நம்பர் அங்கிருந்து நாலு வீடு தள்ளி, அதே கால்வாய் மேல்தான் இருக்கிறது.

இந்த வருடம் ஆடி மாதம் அவள் என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஏல நோட்டீஸ். வியாபாரம் படுத்து, தவணை நின்றுபோயிருந்தது. "யக்கா, கட்ட மாட்டேன்னு நாங்க சொல்லல. வட்டி கம்மியா கீற பேங்குக்கு மாத்திக்கினா கட்டிடுவோம். அங்க போனா இந்த அப்ரூவலே செல்லாதுன்றாங்க. வித்துட்டுப் போலாம்னா வாங்கறதுக்கு ஆள் இல்ல, வாங்கறவங்களுக்கும் லோன் இல்லியாம். நீங்க போட்டதுதான யக்கா? ஆபீஸ்ல பழைய ரெக்கார்டு இருந்தா தேடிக் குடுங்களேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெக்கார்டெல்லாம் மழைல நனைஞ்சி போயிடுச்சும்மா" என்றேன். இல்லாத ரெக்கார்டு எங்கே நனைவது? அவள் நம்பினாள். போகும்போது, "நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது கண்ணு. வழக்கம் போலச் சாப்பிட்டேன், சீரியல் பார்த்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. நம் தெருக் கடைசியில் ஏழுமலை இருக்கிறாரே, யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காமல், காஞ்சிபுரத்துக்கு எட்டு மாதம் நடையாக நடந்து, முறைப்படி பிளான் வாங்கியவர். மாடி எடுக்க லோன் கேட்டால், நம் ஊராட்சிப் பேரைக் கேட்டதுமே வங்கியில் ஃபைலை மூடிவிட்டார்களாம். இந்த ஊர்த் தாளை நம்ப முடியாது என்று வங்கிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறார்களாம். அவர் என்னிடம், "நல்ல தாள் எது, கெட்ட தாள் எதுன்னு அவங்களுக்கு எப்டி தெரியும் தலைவரம்மா? எல்லாம் ஒரே சீலு" என்றார். குத்திக் காட்டினாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் தலைக்குள் இருக்கும்போதுதான் நீ ஞாயிற்றுக்கிழமை வந்தாய். பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தாய். நான் தாளைப் படித்தேன். இந்தத் தடவை அவசரப்படுத்த யாரும் இல்லை, நீகூடச் சும்மாதான் இருந்தாய், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். 'நாளைக்குப் போடறேன்' என்றேன். "இன்னாம்மா யோசிக்கற? உன் கையெழுத்துதான? நீ போட்டத நீ போட்டன்னு சொல்றதுக்கு இன்னா?" என்றாய். "என் கையெழுத்துதான்டா" என்றேன். "அப்புறம்?" என்றாய். நான் பேனாவை மூடி உன்னிடம் நீட்டினேன். நீ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாய். வாசலில் திரும்பி, "புதன்குள்ள குடுக்கணும்மா, மறந்துடாத" என்றாய்.

நான் மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போனேன். தாளின் மேல் உன் வங்கியின் வக்கீலம்மாவுடைய விலாசம் இருந்தது. சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். நான் யார் என்று சொன்னதும், "பையனே கொண்டுவரலாமே, நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்?" என்று நாற்காலி போட்டாள். நான் சொன்னேன். அந்தக் கடிதம் என் பதவிக் காலத்தில் கொடுத்தது அல்ல, பிறகு பழைய தேதி போட்டது, அந்தத் தேதியில் அங்கே கடலை நின்றது, நான்தான் பிடுங்கினேன், பிளாட்டுக்குக் குறுக்கே ஏரிக் கால்வாய் போகிறது. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அம்மா, தெரிஞ்சுதான் சொல்றீங்களா? உங்க பையன் லோன் நின்னுடும்."

"தெரியும்மா."

"உங்க மேல கேஸ் வரலாம். இந்த ஒரு பிளாட்டோட போகாது. நாப்பது வீடு இருக்கு அங்க."

"அதுவும் தெரியும்மா."

அவள் உன் ஃபைலை மூடி ஓரமாக வைத்தாள். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றாள். ஒரு பக்கம் வந்தது. பேனாவைக் கொடுக்கும்போது, "ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா" என்றாள். இரண்டு தடவை படித்தேன். போட்டேன். அதில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, வரும் வழியில் உத்திரமேரூர் பஜாரில் இறங்கி ஹசீனாவிடம் கொடுத்தேன். கோர்ட்டுக்குப் போனால் இது அவர்களுக்கு உதவும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். ஹசீனா நின்றபடியே படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். தாளை மடித்துக் கல்லாவில் வைத்துவிட்டு, வந்து நின்ற வாடிக்கைக்காரிக்குப் பட்டன் எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். இனிமேல் அந்தக் கடைக்கு நான் போக முடியாது என்று நினைக்கிறேன்.

உனக்கு நல்லது செய்ததாக நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. கால்வாய் மேல் வீடு கட்டி இருபது வருடம் தவணை கட்டுவதிலிருந்து உன்னைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் காப்பாற்ற நினைத்திருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாயைத் திறந்திருக்க வேண்டும். அட்வான்ஸ் திரும்பி வராது. என் இரண்டு வளையலை விற்று அதில் ஒரு பகுதியைத் தருகிறேன், மீதியைத் தர என்னிடம் வழி இல்லை. பெண் வீட்டுக்கு நீ போக வேண்டாம், நான் போகிறேன். 'எங்கம்மா தலைவரா இருந்தப்ப போட்டது' என்று நீ சொன்ன அதே வீட்டில் நான் உட்கார்ந்து, அது பொய், என் மகனுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வருகிறேன். கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் எனக்குப் பிடித்திருந்தது. நடக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

நீ கொஞ்ச நாள் என்னோடு பேச மாட்டாய். அது நியாயம்தான், நான் வற்புறுத்த மாட்டேன். போலீஸோ வேறு யாரோ வந்து கேட்டால் நீ ஓடி வர வேண்டியதில்லை, எனக்குப் பதில் சொல்லத் தெரியும். ஐந்து வருடம் தலைவராக இருந்தேன். எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று கணக்கு இல்லை. படித்துப் பார்த்து, யாரையும் கேட்காமல், நானாக முடிவு செய்து போட்டது செவ்வாய்க்கிழமை போட்ட அந்த ஒன்றுதான். அது போய் உன் வீட்டின் மேல் விழுந்துவிட்டது கண்ணு.

அம்மா